ஒரு நிரை முடித்து மறு நிரை

வலப்பனை
10.08.2025

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய வொய்ஸ் மெசேஜை நேற்று ராத்திரி பிள்ளை தூங்கிய பிறகுதான் கேட்டேன். கேம் விஷயம் என்று சிரித்துக்கொண்டே தொடங்கினாய், ஆனால் குரல் சோர்ந்திருந்தது. "63 கேம் இருக்கு அண்ணே, அதில அம்பதுக்கு மேல திறந்துகூடப் பாக்கல. ஒன்பது மணிக்கு ரூமுக்கு வந்து எதை விளையாடுறதுன்னு பாத்துப் பாத்தே பத்தரையாகிடுது, ஒன்னும் தொடாமப் படுத்திடுறேன்" என்றாய். இதற்குப் போனில் இரண்டு வார்த்தை சொல்லி முடிக்க மனம் வரவில்லை. இப்போது பள்ளிக்கூட லீவு. வெளியே காற்று தகரத்தைப் போட்டு அடிக்கிறது. உட்கார்ந்து எழுதுகிறேன்.

டவுன் கொமியூனிகேஷன் கடை ஞாபகம் இருக்கிறதா? மணித்தியாலத்துக்கு 40 ரூபா. சம்பளம் போட்ட வாரத்தில் மட்டும் அம்மா முந்தானையிலிருந்து எடுத்துத் தருவார். நமக்கு இருந்தது வைஸ் சிட்டி ஒன்றுதான். நீ ஓட்டுவாய், நான் பக்கத்தில் நின்று வழி சொல்வேன். நம் சேவ் ஃபைலை யாராவது அழித்துவிட்டால் அடுத்த மாதம் முதலிலிருந்து தொடங்குவோம். அப்படியும் அந்த வருடமே அதை முடித்தோம். அடுத்து எது என்ற கேள்வியே அப்போது நமக்குக் கிடையாது.

நீ கேம் வாங்கிக் குவிக்கத் தொடங்கியது எப்போது என்று எனக்குத் தெரியும். 2022. டொலர் 200இலிருந்து சில மாதத்தில் 360ஐத் தொட்டது. கரண்டு ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை போனது. பால்மாவுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற நாட்கள். கிடைக்கும்போது வாங்கி வைத்துவிட வேண்டும் என்ற பயம் எல்லார் கையிலும் ஒட்டிக்கொண்டது. ஸ்டீமில் விலை டொலரில்தான். அதனால் மலிவு விற்பனை வந்தால் நீ விடுவதில்லை. எபிக் ஸ்டோர் வாரா வாரம் இலவசமாகத் தருவதும் அதில் சேர்ந்துகொண்டது. பயந்த காலத்தில் சேர்த்ததற்காக உன்னை நீயே ஏசாதே.

ஆனால் அந்தப் பட்டியலை நீ கடன் மாதிரி சுமக்கிறாய், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் தாத்தாவின் அப்பா காலத்தில் துண்டு என்று ஒன்று இருந்ததை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். தொழிலாளியின் கடன் தொகை அந்தத் தாளில் இருக்கும். அதை எந்தத் தோட்டம் கட்டுகிறதோ அங்கே ஆள் போக வேண்டும். 1921இல் சட்டம் போட்டுத்தான் அதை ஒழித்தார்கள். உன் லைப்ரரி யாரும் எழுதிக் கொடுத்த துண்டு இல்லை, தம்பி. அந்த 63க்கும் நீ ஒருவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அம்மா தேயிலைக் கொழுந்து பறிக்கப் போன காலத்தில் சொன்னதை நினைத்துப் பார். மலை முழுவதையும் நிமிர்ந்து பார்த்தால் கை ஓடாது, பிடித்த நிரையைப் பார்த்தால் போதும் என்பார். அதையே செய். ஒரு கேமை மட்டும் மெஷினில் வைத்துக்கொள், மற்றதை அழித்துவிடு. வாங்கியது உன் கணக்கில்தான் இருக்கும், எங்கும் போகாது. பார்க்கும்போதே மனம் பாரமாகிறவற்றை லைப்ரரியில் மறைத்து வைக்கவும் வழி இருக்கிறது.

நேரத்தையும் கணக்குப் பார். உனக்கு வாரத்தில் 4 மணித்தியாலம் கிடைக்கும் என்று வைப்போம். விட்சர் 3இன் பிரதான கதைக்கு மட்டும் 50 மணித்தியாலத்துக்குக் குறையாது. அதாவது மூன்று மாதம். அதைத் தொடங்கினால் அந்த மூன்று மாதமும் வேறு பெரியது எதையும் தொடாதே. வேலை கூடின மாதங்களில் ஸ்டார்டியூ வேலி மாதிரி ஒன்று நல்லது. எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்டது. அதில் ஒரு பகல் கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். படுத்தால் சேவ் ஆகிவிடும், நீயும் படுக்கலாம். ஒரு கேம் இரண்டு ராத்திரியில் பிடிக்கவில்லையா, விட்டுவிடு. தோட்டத்தில் கொழுந்து கிலோ குறைந்தால் அரைப்பேர் போடுவார்கள், அரை நாள் சம்பளம்தான். இங்கே உனக்கு யாரும் அரைப்பேர் போட முடியாது. இனி வாங்குவதென்றால், 14 நாளுக்குள், 2 மணித்தியாலத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் ஸ்டீம் காசைத் திருப்பித் தரும் என்பதை மறக்காதே.

முதலில் எதை எடுப்பது என்று கேட்டாய். உன் பட்டியலில் 'வெண்பா' இருக்கிறது. அதை எடு. டொரொண்டோவில் இருக்கிற விசை கேம்ஸ் 2023இல் செய்தது, அடுத்த வருடம் பாஃப்டாவில் சிறந்த அறிமுக கேம் விருது வாங்கியது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். வெண்பா என்ற தாய், தன் அம்மாவின் கிழிந்து மை கலைந்த சமையல் புத்தகத்தைப் பார்த்துச் சமைக்கிறாள். அழிந்த வரிகளை நாம்தான் யோசித்து நிரப்ப வேண்டும். இரண்டு மணித்தியாலம்கூட ஆகாது.

போன கிழமை நான் அதை விளையாடும்போது அம்மா பின்னால் வந்து நின்றார். புட்டுக்குழலில் எதை முதலில் போடுவது என்று நான் தடுமாற, "தேங்காப்பூவைப் போடுடா முதல்ல" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். கேம் என்றாலே கண் கெடும் என்று ஏசுகிற அம்மா! பேசுகிறவர்கள் தமிழர்கள், ரேடியோவில் தமிழ்ப் பாட்டு, சட்டியில் நம் சாப்பாடு. நாம் இத்தனை வருடம் விளையாடிய எதிலும் அம்மாவுக்கு ஓர் இடம் இருந்ததில்லை.

மகன் வளர்ந்து வீட்டை விட்டுத் தள்ளிப் போகிற கட்டம் வந்தது. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நிப்பாட்டு, மிச்சத்தைத் தம்பி வந்த பிறகு பாப்போம்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நானும் அதற்கு மேல் தொடவில்லை.

தீபாவளி ஒக்டோபர் 20, திங்கட்கிழமை. லீவை இப்போதே சொல்லி வை. சனிக்கிழமை காலையிலேயே பஸ் ஏறிவிடு.

அன்புடன்,
அண்ணன்