நீல மணிகள்

சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவன் ஒருவன் என்னைத் தன் பணியிடத்திற்கு அழைத்துச் சென்றான். சிறிய விமானங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பர் அவன். முப்பது வயதைத் தாண்டியவரை 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால், மூக்கைச் சிந்திக்கொண்டு என் முன் நின்ற பிள்ளைக்கு அந்த 'ர்' ஒட்ட மறுக்கிறது. அவனுடைய பெற்றோர் பொறுத்தருள்க.

கொட்டகையில் ஒரு செஸ்னா 172 நின்றிருந்தது. நான்கு பேர் அமரக்கூடிய, ஒற்றை இயந்திரம் கொண்ட தனியார் விமானம். உரிமையாளர் வெளிநாடு சென்றிருப்பதால் ஓராண்டுக்கு மேல் அது பறக்காதாம். முன்னால் உள்ள சுழலியில் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது: 'கையால் சுற்றாதீர்.' அவன் இயந்திர மூடியைத் திறந்தான். ஸ்பார்க் பிளக் இருக்க வேண்டிய துளைகளில் கண்ணாடிபோல் தெளிந்த குழல்கள் செருகப்பட்டிருந்தன. அவற்றினுள் நீல நிற மணிகள்.

"இது என்னன்னு தெரியுதா, டீச்சர்?"

தெரியாமல் என்ன? சிலிக்கா ஜெல். புதிய காலணிப் பெட்டிகளில் சிறு பொட்டலமாக வருமே, அதே பொருள்தான். இந்த வகைக்கு நிறமூட்டியிருப்பார்கள். ஈரத்தை உறிஞ்ச உறிஞ்ச நீலம் இளஞ்சிவப்பாக மாறும்.

அறிவியல் பாடத்தில் துருப்பிடித்தலைக் கற்பிக்கும்போது மூன்று சோதனைக் குழாய்களில் ஆணி போட்டு வைப்போம் அல்லவா? ஒன்றில் நீர், ஒன்றில் ஈரம் உறிஞ்சும் பொருள், ஒன்றில் எண்ணெய் பூசிய ஆணி. நான் பல ஆண்டுகளாகச் செய்துவரும் சோதனை அது. அந்தக் கொட்டகையில் அதே சோதனையைத்தான் ஓர் ஆள் உயரத்திற்குக் கண்டேன். பழைய எண்ணெயை வடித்துவிட்டு, துருவைத் தடுக்கும் எண்ணெயை நிரப்பி, இயந்திரத்தை நன்கு சூடேற்றி, உருளைகளுக்குள்ளும் அந்த எண்ணெயைத் தெளித்திருக்கிறார்கள். புகைபோக்கியின் வாயில் ஈரம் உறிஞ்சும் பை வைத்து அடைத்திருக்கிறார்கள். எரிபொருள் கலன் நிரம்பியிருக்கிறது. காலி இடம் இருந்தால் அங்குள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து நீராகிவிடும். மின்கலத்தைக் கழற்றிவிட்டார்கள். சுழலியைச் சுற்றினால் உள்ளே படிந்த எண்ணெய்ப் படலம் வழிக்கப்பட்டுவிடும். அதற்குத்தான் அந்தச் சிவப்பு அட்டை.

இறக்கையின் கீழுள்ள சிறு குழாய்க்கும் உறை போட்டிருந்தார்கள். வேகத்தை அளக்கும் குழாய் அது. குளவி கூடு கட்டிவிடுமாம். நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. 1996-இல் டொமினிகன் குடியரசில் ஏறக்குறைய மூன்று வாரம் பறக்காமல் நின்ற ஒரு பெரிய பயணி விமானம், புறப்பட்ட சற்று நேரத்தில் கடலில் விழுந்து 189 பேர் மாண்டனர். அந்தக் குழாயைக் குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்றே கருதப்பட்டது.

"எப்போதாவது இயந்திரத்தை ஓடவிட்டால் போதாதாப்பா?" என்று கேட்டேன். அவன் முகம் மாறியது.

2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது வேறோர் உரிமையாளரின் விமானம் அவன் பொறுப்பில் இருந்தது. வாரந்தோறும் பத்து நிமிடம் இயந்திரத்தை ஓடவிடும்படி அவர் தொலைபேசியில் கட்டளையிட்டார். அவனும் தவறாமல் செய்தான். நானும் அப்போது என் மகிழுந்தை அப்படித்தான் செய்தேன், நீங்களும் செய்திருப்பீர்கள்.

கேடு அங்கேதான் இருந்தது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது. பெரும்பகுதி புகையோடு வெளியேறினாலும் சிறிதளவு எண்ணெயில் கலந்துவிடும். அந்த ஈரம் ஆவியாகிப் போக வேண்டுமாயின் எண்ணெய் 74 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறி, விமானம் ஒரு மணி நேரமாவது பறக்க வேண்டும். தரையில் நின்றபடி பத்து நிமிடம் ஓட்டினால் ஈரம் சேருமே தவிர, போகாது. அந்த வகை இயந்திரத்தில் வால்வுகளை இயக்கும் தண்டு மேற்புறம் அமைந்திருப்பதால், எண்ணெய் வழிந்து கீழிறங்கியபின் எஃகு வெறுமையாக நிற்கும். அங்கே துரு குழி பறித்துவிட்டது. மீண்டும் பறக்கத் தொடங்கிய சில மாதங்களில் எண்ணெய் வடிகட்டியில் உலோகத் துகள்கள் மின்னின. 2000 மணி நேரம் உழைக்க வேண்டிய இயந்திரத்தைப் பாதி வழியிலேயே பிரித்துப் போட்டார்கள்.

"உனக்கு அப்போதே தெரியாதா?"

"தெரியும், டீச்சர். தயாரிப்பாளரே எழுதி வச்சிருக்காங்க. ஆனா அவரு டத்தோ, வயசுல பெரியவரு. பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசக்கூடாதுன்னு..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. யாரிடம் கற்றான் என்று நானும் கேட்கவில்லை. ஐந்தாம் ஆண்டில், நான் கரும்பலகையில் போட்ட கணக்கு தவறென்று எழுந்து சொன்னவன் இவன். கணக்கு தவறுதான். "கேட்காமல் பேசாதே, உட்கார்" என்றேன். மறுநாள் விடையைத் திருத்தி எழுதினேன். அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அது நினைவிருக்கிறதா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை.

இந்தச் செஸ்னாவின் உரிமையாளரும் முதலில் வாராந்தரப் பத்து நிமிடத்தைத்தான் சொன்னாராம். இம்முறை அவன் கையேட்டின் பக்கத்தை விரித்து அவர் முன் வைத்து, "இப்படிச் செய்தால் கெட்டுவிடும், ஐயா" என்று சொல்லியிருக்கிறான். அவர் கோபப்படவில்லை. "ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை?" என்றுதான் கேட்டிருக்கிறார்.

புறப்படும்போது பழைய செருகி ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மணிகள் முழுதும் இளஞ்சிவப்பாகியிருந்தன. வீட்டில் அவற்றைத் தட்டில் பரப்பி அடுப்பில் சூடாக்கினேன். மெல்ல மெல்ல நீலம் திரும்பியது. இப்போது அது என் வகுப்பறைச் சன்னலோரம் ஆணிக் குழாய்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. "டீச்சர், நீங்க சரியா மூடல" என்று நேற்று ஒரு சிறுமி சொன்னாள். பார்த்தேன். மூடி சற்றுத் தளர்ந்துதான் இருந்தது. ஓரத்து மணிகள் சிவக்கத் தொடங்கியிருந்தன.