தேக்காவில் ஒரு வெள்ளி

எங்கள் ஆயக்குடியில் பொழுது விடியும் முன்பே கொய்யாச் சந்தை கூடிவிடும். பெட்டி பெட்டியாகக் கேரளாவுக்குப் போகும். அக்கம்பக்கத்துத் தோட்டத்துப் பழத்தைச் சும்மாவே தின்று வளர்ந்தவள், சிங்கப்பூரில் கொய்யாவின் விலையைப் பார்த்ததும் "அடி ஆத்தி!" என்றேன்.

மகள் அங்கே குடித்தனம் வைத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கைக்குழந்தைக்காரி. ஒத்தாசைக்குப் போனால், வீட்டில் கீரையும் இல்லை, பழமும் இல்லை.

"ஒரு வெள்ளி அறுபது ரூபாய்க்கு மேலம்மா. கீரைக்கா அவ்வளவு கொடுக்கிறது?" என்றாள். பால் கொடுக்கிற தாய் பேசுகிற பேச்சா இது?

"வெள்ளியில சம்பளம் வாங்கிட்டு ரூபாயில ஏன் கண்ணு செலவு பண்றே?" என்றேன். வாடகை, பஸ், ரயில் செலவு, ஊருக்கு அனுப்புவது எல்லாம் போக மீதியை நாலு வாரத்துக்குப் பங்கு போட்டோம். வாரப் பணத்தில் பாலுக்கும் காய்க்கும் முதல் பங்கு. ரூபாய்க் கணக்கு பாத்திரம், புடவைக்கு மட்டும். அவற்றை ஊரிலிருந்தே கொண்டு போகலாமே!

சிராங்கூன் சாலையில் தேக்கா மார்க்கெட் இருக்கிறது. கீழே காய்கறி, மீன், சாப்பாட்டுக் கடைகள், மாடியில் துணிக்கடைகள். இப்போதுள்ள கட்டடம் 1982ல் திறந்தது. தமிழிலேயே விலை கேட்கலாம். (பேரம் பேச நமக்குச் சொல்லியா தர வேண்டும்?) விமானத்தில் வரும் நம்மூர்க் காய் விலை அதிகம். மலேசியாவிலிருந்து வருவது சகாயம். அங்கே 'பாயம்' என்கிறார்களே, அது நம் தண்டுக்கீரை வகைதான். பருப்புப் போட்டுக் கடைந்தால் வித்தியாசமே தெரியாது. மகள் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

குடிதண்ணீருக்குக் காசு வேண்டாம். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். குழந்தைக்கு மட்டும் காய்ச்சி ஆற வைத்தோம். துணிப்பை அவசியம். 2023 ஜூலையிலிருந்து பெரிய சூப்பர் மார்க்கெட்டுகளில் ஒரு பைக்குக் குறைந்தது 5 காசு.

ஓட்டலில் விலைப் பட்டியலில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் உஷார்! 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கும் சேர்த்து 9 சதவீத வரி பில்லில் ஏறும். உணவங்காடிக் கடைகளில் போட்டிருக்கும் விலைதான்.

தேக்காவுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை வேண்டாம்; நிறையக் கடைகள் மூடியிருக்கும்.