பேக்கப் இருக்குன்னு சொன்னா போதுமா?

 

நம்ம கோயிலின் பழைய கணக்குப் புத்தகங்களை ஸ்கேன் பண்ணி ஆபீஸ் கம்ப்யூட்டரில் ஏற்றியாச்சு, இன்னொரு காப்பி ஹார்ட் டிஸ்க்கிலும் வைத்தாச்சு, அப்புறம் ஏன் வர்ற ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் ஆள் கூப்பிடுறீங்கன்னு வாட்ஸ்அப் குரூப்பில் சில பேர் கேட்டிருந்தீங்க. நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

நாங்கள் கூலிம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். எஸ்பிஎம் வரைதான் படிப்பு, கம்ப்யூட்டர் எங்கள் துறை இல்லை. ஆனா எங்க லைனில் ஓடுற ஒவ்வொரு லாட்டுக்கும் கணக்கு சர்வரில்தான் இருக்கு. அது போனா எங்க வேலையும் நின்னுடும். அதனால ஐடி தம்பிங்க தலையைப் பிச்சுக்கிட்டா நாங்களும் போய் எட்டிப் பார்ப்போம்.

இப்பல்லாம் பெரிய இடங்களில் வேலைக்கு ஒரு கம்ப்யூட்டர்னு கிடையாது. ஒரே பெரிய இயந்திரத்துக்குள்ளே பல கம்ப்யூட்டர் தனித்தனியா இருக்கிற மாதிரி ஓடும். விர்ச்சுவல் மெஷின்னு பேரு. அத்தனைக்கும் தகவல் பொதுவான ஒரு ஸ்டோரேஜ் பெட்டியில் இருக்கும். ராத்திரி பேக்கப் எடுக்கிற சர்வருக்கு ரெண்டு வழி. ஒண்ணு, அந்தப் பெரிய இயந்திரத்தைக் கேட்டு நெட்வொர்க் வழியா வாங்குறது. இன்னொண்ணு, நேரா ஸ்டோரேஜ் பெட்டிக்கே போய் படிக்கிறது. திருவிழா அன்னைக்கு மடப்பள்ளி முன்வாசலில் கூட்டம் நெரியும்போது, பின்வாசல் சாவி வச்சிருக்கிறவர் சத்தமில்லாம ஸ்டோருக்குள் போய் அரிசி மூட்டையை எண்ணிட்டு வர்ற மாதிரி. வேகமா முடியும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை.

அந்தப் பின்வாசல்தான் எங்க இடத்தில் அடைச்சுக்கிச்சு. முதல்ல சிவப்பு வரலை, மஞ்சள் எச்சரிக்கைதான். நேர்வழி கிடைக்கலைன்னா மென்பொருள் தானாவே நெட்வொர்க் வழிக்குப் போயிடும், அப்படித்தான் அதை அமைச்சிருக்காங்க. பேக்கப் முடிஞ்சுது. ஆனா விடியறதுக்குள்ளே முடிய வேண்டியது காலை ஷிப்ட் வரைக்கும் இழுத்துச்சு, எங்க ஸ்கிரீன் எல்லாம் ஆமை மாதிரி நகர்ந்துச்சு. சரி, நேர்வழி மட்டும்தான்னு அமைப்பை மாத்தினாங்க. அன்னைக்கு ராத்திரியே பாதி மெஷின் சிவப்பு.

அந்தத் தம்பி கெட்டிக்காரர். எல்லா எரர் மெசேஜையும் படிச்சுக்கிட்டு உட்காரலை. எந்தெந்த மெஷின் சிவப்பு, அது ஒவ்வொண்ணும் எந்த இடத்தில் குடியிருக்குன்னு ஒரு தாளில் எழுதினார். எழுதி முடிச்சதும் விஷயம் தெரிஞ்சு போச்சு. "அண்ணே, சாப்ட்வேர்ல ஒண்ணும் இல்லை. வழியிலதான் கோளாறு" என்றார். பெரும்பாலானவை புதுசா சேர்த்த ஸ்டோரேஜ் பகுதிக்கு மாத்தின மெஷின்கள். அந்தப் பகுதியின் அனுமதிப் பட்டியலில் பேக்கப் சர்வர் பேரே இல்லை. மீதி ரெண்டு மெஷின் பொதுப் பெட்டியிலேயே இல்லை, இயந்திரத்தின் சொந்த டிஸ்க்கில் இருந்துச்சு. அதுக்குப் பின்வாசல்னு ஒண்ணு கிடையவே கிடையாது, நெட்வொர்க் வழிதான். சிவப்பு ஒண்ணுதான், காரணம் ரெண்டு.

அனுமதி கொடுத்ததும் அந்த டிஸ்க் பேக்கப் சர்வரில் தெரிய ஆரம்பிச்சுது. இங்கேதான் எங்களுக்கே வயிறு கலங்குச்சு. அந்த டிஸ்க்கில் இருக்கிற எழுத்து விண்டோஸுக்குப் புரியாது. புது டிஸ்க்னு நினைச்சு, "தயார் பண்ணட்டுமா" ன்னு கேட்கும். யாராவது ஓகே அழுத்திட்டா தன் அடையாளத்தை அதன் மேலே எழுதிடும், அதிலிருக்கிற அத்தனை மெஷினும் ஆபத்துக்குள்ளாகும். ஆப்லைன்னு காட்டினா அப்படியே விட்டுடணும், அதுதான் சரி. ஸ்டோரேஜ் பெட்டியிலேயே படிக்க மட்டும்னு அனுமதி கொடுக்க முடிஞ்சா இன்னும் நல்லது. சாவி கொடுத்தது மூட்டையை எண்ண, அவிழ்க்க இல்லை.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2021 டிசம்பரில் ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டரில், பேக்கப் எடுக்கிற நிரலையே திருத்தப்போய் சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள் அழிஞ்சு போச்சு. 77 டெராபைட். காக்க வந்ததே அழிச்சுது.

அடுத்த நாள் எல்லாம் பச்சை. நாங்க கைதட்டினோம், தம்பி தட்டலை. ஒரு மெஷினின் பேக்கப்பை எடுத்து, நெட்வொர்க்கைத் துண்டிச்சு, தனியா ஓர் இடத்தில் எழுப்பினார். எங்களைக் கூப்பிட்டு, "அண்ணே, நேத்து உங்க ஷிப்ட் லாட் நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க" என்றார். இருந்துச்சு. அப்புறம்தான் வீட்டுக்குப் போனார். கிட்லேப்னு ஒரு கம்பெனி, கம்ப்யூட்டர் நிரல் எழுதுறவங்களுக்கே சேவை கொடுக்கிறவங்க. 2017 ஜனவரி 31 அன்னைக்குத் தவறுதலா தகவல் அழிஞ்சப்போ, தேடிப் பார்த்தா முறையா எடுத்து வச்சிருக்கணும்னு நினைச்ச பேக்கப் வேலை செய்யவே இல்லை. தோல்வின்னு சொல்ல வேண்டிய மின்னஞ்சலும் ஆளுக்கு வந்து சேரலை. ஆறு மணி நேரத்துக்கு முன்னாடி எதேச்சையா எடுத்த ஒரு காப்பியால்தான் தப்பிச்சாங்க.

இப்போ நம்ம ஹார்ட் டிஸ்க்குக்கு வருவோம். அதில் இருக்கிறது வெறும் வரவு செலவு இல்லைங்க. தோட்டம் வித்த பிறகு சுங்கை பட்டாணி, பாடாங் செராய், பினாங்குன்னு சிதறிப் போன குடும்பங்களின் பேர் லயம் வாரியா உபயக் கணக்கில் இருக்கு. அன்னைய மேனேஜர் கோயிலுக்கு இடம் விட்ட கடிதம் இருக்கு. நாளைக்கு நில விஷயம் பேச யாராவது வந்தா நாம கையில் எடுக்கிற முதல் காகிதம் அது. ஸ்கேன் பண்ணி முடிச்சதிலிருந்து அந்த டிஸ்க்கை ஒருத்தரும் திறந்து பார்க்கலை. அதுவும் கம்ப்யூட்டர் இருக்கிற அதே அலமாரியில், ஒரு கை தூரத்தில் இருக்கு. 2021 ஆகஸ்ட்டில் ஜெராய் மலையிலிருந்து தண்ணி இறங்கி யான் பக்கம் என்ன பண்ணிச்சுன்னு பார்த்தோம். 2022 ஜூலையில் பாலிங் கூப்பாங்கிலும் பார்த்தோம். அலமாரி மிதந்தா ரெண்டும் சேர்ந்துதான் மிதக்கும்.

அதனால ஞாயிறு காலை பூஜை முடிஞ்சு மண்டபத்தில் உட்காருவோம். டிஸ்க்கை வேற லேப்டாப்பில் திறந்து, பக்கம் பக்கமா புத்தகத்தோடு ஒத்துப் பார்ப்போம். ஒருத்தர் வாசிக்கணும், ஒருத்தர் திரையைப் பார்க்கணும். அப்புறம் மூணாவது காப்பி ஒண்ணு எடுத்து வேற ஊரில் ஒரு கமிட்டி உறுப்பினர் வீட்டில் வைப்போம். பெரியவங்க அவசியம் வாங்க, பழைய கிராணிமார் கையெழுத்து சின்னப் பிள்ளைங்களுக்குப் படிக்க வராது. மறக்காம மூக்குக் கண்ணாடி கொண்டு வாங்க. மதியம் அன்னதானம் உண்டு.