சோழவரத்து ஒலி

சென்னைக்கு வடக்கே உள்ள செங்குன்றம் நான் பிறந்து வளர்ந்த ஊர். அதற்கு அப்பால் சில கல் தொலைவில் சோழவரம் இருக்கிறது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று, போர் முடிந்தபின் அங்கே பயனின்றிக் கிடந்தது. 1953-இல் தோன்றிய சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம் அதில் கார்ப் பந்தயங்களும் மோட்டார் சைக்கிள் பந்தயங்களும் நடத்தி வந்தது.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பெரியப்பா மகன் என்னைச் சைக்கிளில் அமர்த்தி அங்கே அழைத்துச் சென்றார். வண்டிகள் கண்ணுக்குத் தெரியுமுன்பே அவற்றின் ஒலி நெஞ்சில் வந்து மோதும். நான் காதுகளைப் பொத்திக்கொண்டேன். அண்ணனோ இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுமாதம் அவர் நண்பரின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் பெருஞ்சாலையில் விரைந்தார். எதிரே லாரி ஒன்று திரும்பியது. உயிர் தப்பியது, இடக்கால் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அப்பொழுது அவருக்கு வயது பத்தொன்பது.

இன்று நான் பணிமாறுதல் பெற்று, பெங்களூரு அடுகோடியில் வாழ்கிறேன். மைக்கோ தொழிற்சாலையால் பெயர்பெற்ற பகுதி இது. வேலை தேடி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல இங்கே வேரூன்றியுள்ளன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிப்பது என் பணி.

2024-ஆம் ஆண்டில் ஒருநாள், ‘நான் வியக்கும் மனிதர்’ என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொன்னேன். மாணவன் ஒருவன் தன் அண்ணனைப் பற்றி எழுதியிருந்தான். நள்ளிரவில் ஓசூர் சாலையில் நண்பர்களோடு போட்டியிட்டு அவர் முதலில் வருவாராம். “உலக மோட்டார் சைக்கிள் பந்தயத்திற்கு இது பவளவிழா ஆண்டு, என் அண்ணனும் ஒருநாள் அதில் ஓடுவார்” என்று முடித்திருந்தான். பிழையற்ற தமிழ். ஆயினும் மதிப்பெண் இட என் கை எழவில்லை.

மறுநாள் வகுப்பில் அந்தப் பவளவிழாவின் வரலாற்றையே கூறினேன். 1949-இல் உலக வாகையர் போட்டியின் முதற்பந்தயம் மான் தீவில் நடைபெற்றது. பொதுச்சாலைகளை அடைத்து, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சுற்றில் வீரர்கள் ஓடினர். சாலையோரமெங்கும் சுவர்களும் கம்பங்களும் வீடுகளும் இருந்தன. 1972-இல் இத்தாலிய வீரர் ஜில்பெர்ட்டோ பார்லோட்டி அங்கே உயிரிழந்தார். அவருடைய நண்பர் ஜாக்கோமோ அகோஸ்டினி, இனி அத்தீவில் போட்டியிடுவதில்லை என முடிவுசெய்தார். 1976-க்குப்பின் அத்தீவு உலக வாகையர் போட்டியிலிருந்தே நீக்கப்பட்டது.

“அவர் பயந்துவிட்டாரா, ஐயா?” என்று அம்மாணவன் கேட்டான்.

“உலக வாகையர் பட்டத்தைப் பதினைந்து முறை வென்றவர் அவர். அடைக்கப்பட்ட சாலையே வேண்டாமென்று அவர் விலகினார். ஓசூர் சாலையை யாரும் அடைத்துவைக்கவில்லையே! அங்கே பாலெடுத்துச் செல்பவர் வருவார், பணி முடிந்து திரும்பும் உன் தந்தையும் வருவார்” என்றேன். அவன் விடை கூறவில்லை.

மாலையில் தம்பியை அழைத்துச்செல்ல அந்த இளைஞர் பள்ளி வாயிலுக்கு வந்தார். அறிவுரை எதுவும் கூறாமல், என் அண்ணனின் கதையை மட்டும் அவரிடம் சொன்னேன். மாடிப்படி ஏற இன்றும் அவர் கைப்பிடியைப் பற்றவேண்டியிருப்பதையும் சொன்னேன். இளைஞர் தலைகுனிந்து கேட்டுவிட்டுச் சென்றார்.

ஒரு வாரம் கழிந்தது. மாணவன் என் மேசையருகே வந்து, “ஐயா, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத்தடத்தில் பயிற்சி பெற என்ன செய்யவேண்டும் என்று அண்ணன் கேட்கச் சொன்னார்” என்றான்.

சோழவரத்துப் பந்தயங்களுக்குப்பின், 1990-இல் திறக்கப்பட்ட தடம் அது. அங்கே எதிரே வண்டி வராது, எச்சரிக்கைக் கொடியுடன் காவலர் நிற்பர், மருத்துவரும் காத்திருப்பார். “விசாரித்துச் சொல்கிறேன்” என்றேன்.

அன்றிரவு அக்கட்டுரையை மீண்டும் எடுத்து மதிப்பெண் இட்டேன்.