முத்தைத் தொடாத தீ

தூத்துக்குடி திரேஸ்புரம் கடற்கரையோரம் நடந்தால் மீன் வாடையும் டீசல் வாடையும் மாறி மாறி வரும். அன்று நடுவில் இன்னொன்று வந்தது. மரம் கருகும் வாசனை. ஆனால் அடுப்புப் புகை அல்ல, குங்கிலியம் கலந்தது போல. அதைப் பிடித்துக்கொண்டே போனால் ஒரு சந்துக்குள், தகரக் கூரைக்குக் கீழே, கணவனும் மனைவியுமாக ஒரு பட்டறை நடத்திக்கொண்டிருந்தார்கள். பேர் எழுத வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டதால், இங்கும் அவர்கள் அண்ணாச்சி, அக்காதான்.

மெல்லிய பலகையை ஸ்க்ரோல் சாவில் வளைவு வளைவாக அறுத்து, ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் சின்ன கேஸ் டார்ச்சால் பழுப்பாக்கி, திரும்பவும் சேர்த்து ஒட்டிப் படமாக்குவது அவர்கள் வேலை. மீன், சங்கு, தோணி, முத்துச்சிப்பி என்று சுவர் நிறையக் கடல்.

மரமும் கடல் வழி வந்ததுதான். துறைமுகத்தில் இறங்கும் சரக்கோடு வருகிற பாலெட்டுகள் உடைந்தால் பழைய மரக்கடைக்குப் போகும். அங்கிருந்து அண்ணாச்சி எடைக்கு வாங்குகிறார். பெரும்பாலும் பைன். ஒரு கட்டையைப் புரட்டி அதிலிருந்த முத்திரையைக் காட்டினார். ஒரு கதிர், நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து, கீழே ‘எச்.டி.’ என்று இருந்தது. மரத்துக்குள் ஒளிந்து பூச்சி நாடு விட்டு நாடு போகாமலிருக்க 2002இல் உலக நாடுகள் ஏற்ற விதியின் அடையாளம் அது. எச்.டி. என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் வைத்து எடுத்தது. ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயுவில் புகையூட்டியது.

“எம்.பி. போட்டது எவ்வளவு நல்ல பலகையா இருந்தாலும் வேண்டாம்னுருவேன். மூஞ்சிக்கு நேரா வச்சுச் சுடுத மரம்லா, பாத்துக்கிடுங்க” என்றார்.

அறுப்பதை உட்கார்ந்து பார்த்தேன். நூல் கனமே உள்ள பிளேடு மேலும் கீழும் குதிக்கிறது. வளைவது பிளேடு அல்ல, பலகை. இரண்டு கையாலும் பலகையைத் திருப்பித் திருப்பிக் கோட்டின் மேல் ஓட்டுகிறார். உள்ளே ஓட்டை வேண்டுமானால் முதலில் துளை போட்டு, பிளேடைக் கழற்றி, துளைக்குள் கோத்து, மறுபடி மாட்ட வேண்டும். ஒரு சிப்பிக்கு அப்படி மூன்று முறை மாட்டினார். அறுத்த துண்டுகளை அக்கா உப்புத்தாளால் தேய்த்து, பின்புறம் பென்சிலால் எண் போட்டு வரிசையாக வைக்கிறார். எண் மாறினால் ரேகையும் மாறிப்போகும்.

தீ வேலை மரத்தூள் இல்லாத பின்கட்டில் நடக்கிறது. பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், ஈரத்துணி. டார்ச்சின் நீலச் சுடர் ஆயிரம் டிகிரிக்கும் மேல். மரமோ சுமார் 200 டிகிரியைத் தாண்டியதுமே சிதைந்து பழுப்பாகத் தொடங்கிவிடும். இந்த இடைவெளிக்குள்தான் பிழைப்பு. சுடர் ஒரு நொடிகூட ஓரிடத்தில் நிற்பதில்லை. அண்ணாச்சி ஓரத்தில் தொடங்கி வெளியே வீசுகிறார், திரும்ப வருகிறார். பலகையின் நடுவில் பட்ட சூடு உள்ளே பரவிவிடும். ஓரத்தில் பட்டதற்குப் போக இடமில்லை, அதனால் அது முதலில் கறுக்கும். பைனின் வளையங்களிலும் மெத்தென்ற பகுதி சீக்கிரம் கருகும், கெட்டியான கோடு தாக்குப்பிடிக்கும். பிறகு கம்பி பிரஷ் போட்டால் கோடுகள் அலைபோல மேலே எழும்பி நிற்கும். முடிச்சு இருந்தால் பிசின் கொதித்து நுரைக்கும். அந்தத் துண்டு கழிவுதான்.

“அப்பளம் சுடுதோம்லா, அதே கைதான். நெறம் வந்த பொறவு எடுத்தா தீஞ்சு போயிருக்கும். வரப்போவுதுன்னு தெரியும்போதே எடுத்துரணும்.”

மரத்தைச் சுட்டு அழகுபடுத்துவது புதிது அல்ல. ஜப்பானில் மழைக்கும் பூஞ்சைக்கும் தாங்கட்டும் என்று சுவர்ப்பலகையையே கருக்கிப் பதிப்பார்கள். யாகிசுகி என்று பேர். ஐரோப்பிய மரப்பதிப்புக்காரர்கள் மெல்லிய தகட்டின் ஓரத்தைச் சூடான மணலில் செருகி நிழல் வரவழைத்தார்கள். திரேஸ்புரத்துப் பின்கட்டில் இரண்டும் கலந்திருக்கின்றன.

சிப்பியின் எல்லாத் துண்டும் சுட்டாயிற்று. ஒன்றே ஒன்று, சுண்டுவிரல் நுனி அளவு வட்டம், அக்காவின் உள்ளங்கையிலேயே இருந்தது. அதுதான் முத்து. அதன் பக்கமே தீ போகக் கூடாது. கறுத்த சிப்பிக்குள் கடைசியாக அதை வைத்தபோது வெறும் மரத்தின் வெளிறிய நிறமே மின்னியது. 1961இல் இந்தக் கடலில் கடைசி முத்துக்குளிப்பு முடிந்தது. அதற்கு வெகுகாலம் பின்னால் பிறந்தவர் அண்ணாச்சி. அவர் முத்து எடுப்பது இப்படித்தான்.

ஒருமுறை கரையில் கழித்துப்போட்ட வள்ளத்துப் பலகையைச் சுட்டுப் பார்த்தாராம். “நீலத் தீ பட்ட ஒடனே மஞ்சளா நின்னுச்சு. எத்தன வருசம் உப்புத்தண்ணி குடிச்ச கட்டை!” உப்பிலுள்ள சோடியம் காட்டும் நிறம் அது. அந்தப் பலகையை அதற்கு மேல் அவர் சுடவில்லை. மூலையில் அப்படியே சாத்தியிருக்கிறது.

என் கையிலும் டார்ச்சைக் கொடுத்தார். ஒரு மீன் வாலுக்கு நிழல் தரப் போனேன். நுனி சிவந்து கங்காகிவிட்டது. அக்கா பேசாமல் ஈரத்துணியை வைத்து அமுக்கினார். “மொத வாலு எல்லாருக்கும் எரியத்தான் செய்யும்” என்றார் அண்ணாச்சி.

இப்போது லேசர் மெஷின் எம்.டி.எஃப். பலகையில் இதே சிப்பியை நிமிடத்தில் வெட்டித் தருகிறது. விலையும் குறைவு. அதற்கும் ஓரம் பழுப்பாகத்தான் இருக்கும். ஆனால் எல்லா ஓரமும் ஒரே பழுப்பு. நிழல் எந்தப் பக்கம் விழும் என்று லேசர் யோசிப்பதில்லை.

நான் கிளம்பும்போது அண்ணாச்சி தோணி ஒன்றின் பாயை எடுத்தார். டார்ச்சைப் பற்றவைக்காமல் அக்காவைப் பார்த்தார்.

“போற தோணியா, வர்ற தோணியா? என்ன சொன்னாங்க?”

எனக்குப் புரியவில்லை. பிறகு விளக்கினார்கள். வாடைக் காற்றில் கொழும்புக்குப் போகும் தோணிக்குப் பாய் ஒரு பக்கம் புடைத்திருக்கும், திரும்பும்போது மறுபக்கம். புடைப்பு மாறினால் நிழலும் மாற வேண்டும். படம் கேட்டவர்கள் வீட்டுப் பெரியவர் தண்டலாகத் தோணி ஓட்டியவராம்.

“வர்ற தோணி” என்றார் அக்கா.

அண்ணாச்சி பாயைத் திருப்பி வைத்துக்கொண்டு தீயைப் பற்றவைத்தார்.