சாம்பலும் புளியும்

வகுப்பறையில் நாம் இரண்டையும் நடத்துவதுண்டு. புறநானூற்றின் 235ஆம் பாடலில், கள்ளைத் தம்மோடு பகிர்ந்துண்ட அதியமானை எண்ணி ஔவையார் கையறுநிலையில் புலம்புவதையும் நடத்துவோம். அடுத்த வாரமே திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமையையும் நடத்துவோம். எது சரி என்று மாணவர்கள் கேட்டால், காலத்தையும் திணையையும் காட்டித் தப்பித்துக்கொள்வோம். வீட்டில் அப்படித் தப்ப இயலவில்லை. எங்கள் தந்தையார் குடியால் 1994இல் மறைந்தவர். ஆகவே அமெரிக்காவில் பொறியாளராக இருக்கும் தம்பி, வீட்டிலேயே பீர் காய்ச்சுவதாகச் சொன்னபோது நமக்கு நெஞ்சு அடைத்தது. அதன்பின் நான்கு ஆண்டுகள் அவனோடு சரிவரப் பேசவில்லை.

2023 கோடை விடுமுறையில், அவன் வற்புறுத்தலுக்கு இணங்கி ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்துக்குச் சென்றோம். கார் நிறுத்தும் கொட்டகையில் நான்கு எவர்சில்வர் பீப்பாய்கள் நின்றன. ஒவ்வொன்றும் 19 லிட்டர் கொள்ளும். முன்பு குளிர்பானக் கம்பெனிகள் பயன்படுத்தியவை. அவை அட்டைப்பெட்டிக்குள் பை வைத்து அனுப்பும் முறைக்கு மாறியபின், வீட்டில் பீர் காய்ச்சுவோர் கைக்கு வந்தன. 1978இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்நாட்டில் இதற்கு வழிவிட்டது. வயது வந்தோர் இருவர் உள்ள வீட்டில் ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்சலாம், விற்கக் கூடாது. நம் ஊரிலோ இது குற்றம்.

சென்ற மறுநாளே ஒரு பீப்பாய் பீரை அவன் சாக்கடையில் கொட்டுவதைக் கண்டோம். புளித்த வாடையோடு கெட்டுப்போன வெண்ணெய் வாடையும் வந்தது. குழாயைச் சரியாகக் கழுவாததால் லாக்டோபாசில்லஸ், பெடியோகாக்கஸ் போன்ற நுண்ணுயிர்கள் குடியேறிவிட்டனவாம். "குடிக்கிறது ஒரு மணி நேரம்ணே, கழுவுறது ஒரு நாள்" என்றான். கழுவுவதற்கென்றே ஒரு கருவி செய்யப்போவதாகவும், துணைக்கு ஆள் வேண்டும் என்றும் சொன்னான். மறுக்க மனம் வரவில்லை.

கருவி எளியதுதான். 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, அதனுள் சிறிய நீர்மூழ்கு மோட்டார். மோட்டாரிலிருந்து நிமிர்ந்து எழும் பி.வி.சி. குழாய், அதன் உச்சியில் துளையிட்ட மூடி. பீப்பாயைக் கவிழ்த்து வாளிமேல் நிறுத்தினால், குழாய் அதன் வாய்க்குள் நுழைந்து அடிப்பகுதிவரை பீய்ச்சும். வழிந்த நீர் மீண்டும் வாளியில் விழுந்து சுழலும். நடுவில் ஒரு 'டீ' பொருத்திப் பிரித்தெடுத்த சிறு குழாய்கள், பீப்பாயின் வாயு வழியையும் பீர் வழியையும் பீர் வரும் நீண்ட குழாயையும் அலசும்.

மூடியில் துளையிடும் பணி நமக்கு வாய்த்தது. ஆர்வ மிகுதியால் பதினாறு துளைகள் இட்டோம். மோட்டாரைப் போட்டதும் நீர், அழுத்தமின்றிக் குழாயோரமாக வழிந்தது. தம்பி சிரிக்கவில்லை. வேறொரு மூடியை நீட்டி, "ஆறு போதும்ணே" என்றான். இரண்டாம் முறை பீப்பாயின் அடியில் நீர் மோதும் ஓசை மழைபோல் கேட்டது.

கழுவும் முறையையும் அவன் விளக்கினான். பீர் இருவகைப் படிவை விட்டுச் செல்கிறது. புரதம், ஈஸ்ட் முதலிய பிசுக்குக்குக் காரம் வேண்டும். கால்சியம் ஆக்சலேட் எனும் வெண்கல் படிவுக்கு அமிலம் வேண்டும். இரண்டும் கலக்கக் கூடாது. இடையே நல்ல நீரால் அலச வேண்டும். காரக் கரைசலைக் குழாயில் சுழலவிட்டால் 15 நிமிடம், அசையாமல் ஊறவைத்தால் 20 நிமிடம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அமிலம் என்பது அந்நாட்டு மதுவடிப்போர் சங்கக் கையேட்டின் விதி.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அப்போது அவன் மெல்லச் சொன்னான்: "அம்மா செஞ்சதுதானேண்ணே இது?"

தந்தையார் சாராயம் வைத்துக் குடித்த பித்தளைச் செம்பு ஒன்று இருந்தது. நாங்கள் பள்ளிக்குக் கிளம்புமுன் வீட்டில் அந்த வாடை இருக்கலாகாது என்று, அம்மா விடியுமுன்னே அதைக் கிணற்றடிக்கு எடுத்துச் சென்று முதலில் புளியிட்டும் பின்னர் சாம்பலிட்டும் தேய்ப்பார். புளி அமிலம், சாம்பல் காரம், வரிசைதான் மாறியிருக்கிறது. சன்னல் வழியே அதைப் பார்த்தது நாம் ஒருவரே என்று இத்தனை காலம் எண்ணியிருந்தோம். அவன் தூங்குவதாக நினைத்த அத்தனை விடியல்களிலும் அவனும் விழித்திருந்திருக்கிறான்.

நெடுநேரம் பேசவில்லை. பிறகு கேட்டோம்: "ஒரு பீப்பாய் எத்தன நாள் வரும்?"

"ரெண்டு மாசம். பாதிக்குமேல அக்கம்பக்கத்து வீடுகளுக்குப் போயிரும். நீங்க கேப்பீங்கன்னு தெரியும்ணே, எழுதி வச்சிருக்கேன்." குளிர்பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினான். தேதிவாரியாகக் கோப்பைக் கணக்கு இருந்தது. கழுவிய நாள்களும் இருந்தன.

அச்சம் அறவே நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். அவன் தந்த கோப்பையையும் நாம் தொடவில்லை. ஊர் திரும்பியபின், இரண்டு வாரத்துக்கொரு ஞாயிறு அவனிடமிருந்து தொலைபேசி வருகிறது. பின்னணியில் மோட்டார் ஓடும் ஓசை கேட்கும். இன்று காரமா, அமிலமா என்று கேட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேசத் தொடங்குகிறோம்.