இறக்கத்தில் நிறுத்திய வேன்

ஏற்காட்டில் பழைய டீசல் வண்டி நிற்கிற விதத்தைப் பார்த்தே அதன் உடல்நிலையைச் சொல்லிவிடலாம். மூக்கு இறக்கத்தைப் பார்த்திருந்து, முன் டயருக்கு அடியில் ஒரு கல்லும் இருந்தால் செல்ஃப் சரியில்லை என்று அர்த்தம். காலையில் கல்லை எடுத்துப் போட்டுவிட்டு, கொஞ்சம் உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் போதும், மலையே ஸ்டார்ட் செய்து கொடுத்துவிடும். சேலத்துக்காரருக்கு இந்த வசதி கிடையாது. மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு எதிரே நாலு பேரைக் கூப்பிட்டுத் தள்ளச் சொன்னால் அன்று மத்தியானமே மெக்கானிக்கைத் தேடிப் போய்விடுவார். சேர்வராயன் மலையில் செல்ஃப் பழுதுகள் வருஷக்கணக்கில் சாவகாசமாக வாழ்வதற்கு இந்த இறக்கங்கள்தான் காரணம் என்பது என் கட்சி.

என்னுடையது பழைய மெட்டடார். புனேயில் பஜாஜ் டெம்போ செய்தது. அந்த நிறுவனத்துக்கு 2005-இல் ஃபோர்ஸ் மோட்டார்ஸ் என்று பெயர் மாறியது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு திரிந்த வண்டிக்குள் பின்னால் யாரோ படுக்கை, கேஸ் அடுப்பு, தண்ணீர் டேங்க் எல்லாம் வைத்துச் சுற்றுலா வேனாக்கிவிட்டார்கள். எஞ்சின் மெர்சிடீஸ் வடிவமைப்பான ஓ.எம். 616, நாலு சிலிண்டர், 2.4 லிட்டர். அதன் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது.

குறை ஸ்டார்ட் ஆவதில்தான். சில நாள் சாவியைத் திருப்பியதும் சட்டென்று பிடிக்கும். சில நாள் கிழவர் மாடிப்படி ஏறுகிற மாதிரி ஒவ்வொரு சுற்றுக்கும் நின்று மூச்சு வாங்கும். மார்கழிக் குளிரில் மட்டும் இப்படி என்றால் கெட்டிப்பட்ட ஆயிலையும் பேட்டரியையும் சந்தேகிக்கலாம். உறைபனிக் குளிரில் பேட்டரியின் வலு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போய்விடும் என்பார்கள். ஏற்காடு அவ்வளவு குளிராது என்றாலும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். ஏறி முடித்த சூட்டில் மட்டும் என்றால் செல்ஃப் மோட்டாரின் செம்புச் சுருளைக் குற்றம் சொல்லலாம்; சூடேறினால் செம்பு மின்சாரத்தைக் கூடுதலாகத் தடுக்கும். இந்த வண்டியோ இரண்டும் செய்தது. விடியலிலும் முனகும், இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி வந்து ஒண்டிக்கடையில் டீ குடித்துவிட்டுத் திரும்பும்போதும் முனகும். கோரிமேட்டு எலக்ட்ரீஷியன் முன்னால் மட்டும் சமர்த்தாகப் பிடிக்கும். "வண்டி நல்லாத்தான சார் இருக்கு?" என்று அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

யோசனை சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை. ராத்திரி ஃபேனும் லைட்டும் போட்டுத் தூங்குகிறீர்கள், பேட்டரி இறங்காமல் என்ன செய்யும் என்றார்கள். வீட்டு வேன் என்றால் முதலில் எழ வேண்டிய சந்தேகம் அதுதான். ஆனால் படுக்கைப் பக்கத்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் தனி பேட்டரி இருந்தது. எனக்கு முன் வைத்திருந்தவர் பெரிய பேட்டரியைப் புதிதாகப் போட்டு, செல்ஃபைக் கழற்றி கார்பன், புஷ் எல்லாம் மாற்றிய ரசீதுகள் டேஷ்போர்டில் கிடந்தன. அவ்வளவு செலவுக்குப் பிறகும் அவர் வண்டியை விற்றார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

டீசலுக்கு இந்த மந்தம் பெட்ரோல் வண்டியைவிடப் பெரிய விஷயம். தீப்பொறி கிடையாது, காற்றை இருபது மடங்குக்குமேல் நெருக்கி, அந்தச் சூட்டில் டீசல் பற்ற வேண்டும். மெதுவாகச் சுற்றினால் சூடு சிலிண்டர் சுவருக்குள் ஓடிவிடுகிறது. போதாததற்கு ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடற்கரையைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு.

இறக்கத்தில் நிறுத்துவதை விட்டுவிட்டு, மல்ட்டிமீட்டரை சீட்டுக்கடியில் வைத்துக்கொண்டு, வேண்டுமென்றே சமதரையாகப் பார்த்து நிறுத்த ஆரம்பித்தேன். விட்டு விட்டு வரும் பழுதை, அது வந்திருக்கும்போதே அளக்க வேண்டும். நல்லபடியாக இருக்கும் வேளையில் எவ்வளவு சோதித்தாலும் வீண்.

ஏரிக்கரைக்கு மேலே ஒரு பனிக்காலையில் அது வந்தது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, கூட வந்தவரைச் சாவியைத் திருப்பச் சொன்னேன். எஞ்சின் முனகியது, வெளிச்சம் மங்கவே இல்லை. பேட்டரி செத்திருந்தால் லைட்டும் சேர்ந்து படுத்திருக்கும். அப்படியானால் மின்சாரம் இருக்கிறது, மோட்டாருக்குப் போய்த் திரும்பத்தான் வழியில்லை. மீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையை எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி திருப்பினால், கால் வோல்ட்டுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் முள் மூன்றைத் தாண்டியது. எஞ்சின் எர்த்து!

கணக்கு எளிது. ஒரு வீட்டு மிக்ஸி மூன்று நாலு ஆம்பியர் எடுக்கும். இப்படிப்பட்ட செல்ஃப் சுற்றும்போது முன்னூறு ஆம்பியர்கூடப் போகலாம். 1912 மாடல் கேடிலாக் காருக்கு மின் ஸ்டார்ட்டர் செய்த சார்லஸ் கெட்டரிங்கின் கெட்டிக்காரத்தனமே இதுதான்: சில விநாடிதானே, சின்ன மோட்டாரைத் தாங்காத பாரத்துக்கு ஓட்டினால் என்ன? அந்த முன்னூறு ஆம்பியர் போகிற வழியில் ஓர் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே மூன்று வோல்ட், அதாவது பேட்டரியில் கால்வாசி, அங்கேயே தின்று தீர்க்கப்படும்.

எஞ்சின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருப்பதால் சேஸிஸோடு அதற்கு இருக்கிற மின் உறவெல்லாம் ஒரு பின்னல் பட்டை வழியாகத்தான். கழற்றினேன். வெளியே கறுத்திருந்தாலும் முழுசாகத் தெரிந்தது. முனைப் பிடிக்குள் வளைத்துப் பார்த்தால் பச்சைப் பூத்த செம்பிழைகள் பொடிப்பொடியாக உதிர்ந்தன. எஞ்சின் நிற்கும்போது ஒரு குலுக்கு குலுக்கும். அந்தக் குலுக்கில் மிச்ச இழைகள் தொட்டுக்கொண்டு நின்றால் மறுமுறை நல்ல ஸ்டார்ட், விலகி நின்றால் முனகல். குளிருக்கும் சூட்டுக்கும் இதில் சம்பந்தமே இல்லை. ஆக்ஸிலேட்டர் கேபிளைத் தொட்டேன், சுட்டது. பட்டை கைவிட்டபோதெல்லாம் மின்சாரம் கிடைத்த கம்பி வழியே திரும்பியிருக்கிறது.

புதுப் பட்டையோடு, கியர்பாக்ஸிலிருந்து சேஸிஸுக்கு இன்னொன்றும் போட்டேன். இறக்கத்தில் உருட்டுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: எஞ்சின் ஓடாவிட்டால் பிரேக்குக்கு வாக்குவம் கிடையாது, இரண்டு மூன்று முறை மிதித்தபின் பெடல் கல்லாகிவிடும். இரண்டு வளைவுக்கு நடுவே அதைக் கண்டுபிடிப்பது உசிதமில்லை.

செல்ஃப் இப்போது எந்த நேரமும் ஒரே வேகத்தில் சுற்றுகிறது. அதனால்தான் குளிர்காலையில் நாலில் மூன்று சிலிண்டர் மட்டும் பிடித்து, வெள்ளைப் புகையோடு வண்டி கொஞ்ச நேரம் ஆடுவது தனியாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. ஹீட்டர் பிளக்கில் ஒன்று போயிருக்க வேண்டும். எது என்று நாளைக்கு டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்க வேண்டும்.